பதினெட்டாம் தேதி அம்மா

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வழக்கறிஞர் ஷாந்தினி அழைத்தார். நான் செனாய் தொழிற்சாலையில் சரக்குச் சோதனை மேசையில் இருந்தேன். வேலை நேரத்தில் அவர் அழைப்பதில்லை.

"ஹேமநாதன், தேதி வந்திட்டுது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் தீர்ப்பு."

"திங்கள்னா பதினேழா?"

"ஓம். பதினேழு."

கையிலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கீழே வைத்தேன். பதினேழு. ஒரே ஒரு நாள் மிச்சம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் வழக்கைக் கேட்டவர்கள் ஐந்து நீதிபதிகள். நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம், புத்ராஜெயா. மார்ச் மாதம் கேட்டு முடித்துத் தீர்ப்பைத் தள்ளி வைத்தார்கள். தலைமை வகித்த அம்மையாருக்கு நவம்பர் பதினெட்டாம் தேதி அறுபத்தாறு வயது முடிகிறது. அறுபத்தாறில் நீதிபதிகளுக்குக் கட்டாய ஓய்வு. அரசாங்கம் விரும்பினால் ஆறு மாதம் நீட்டிக்கலாம். விரும்புகிற அடையாளம் எதுவும் தெரியவில்லை.

அவர் போய்விட்டால் மிச்சம் நான்கு பேர். ஷாந்தினியின் கணிப்பில் அம்மையார் எங்கள் பக்கம், அந்த நால்வர் இரண்டுக்கு இரண்டு. சமமாகப் பிரிந்தால் புதிய நீதிபதிகள் முன்னால் வழக்கு முதலிலிருந்து. அந்தப் புதியவர்கள் யார்? அதைப் பற்றித்தான் நாளிதழ்கள் ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருந்தன. பல நாற்காலிகள் ஒரே நேரத்தில் காலியாகின்றன. அரசியல் சாசனத்தை மனிதர்களுக்காக வாசிக்கிறவர்கள் போகிறார்கள், எழுத்துக்கு எழுத்து வாசிக்கிறவர்கள் வருகிறார்கள் என்றார்கள். சிலருக்கு அது பயம், சிலருக்குக் கொண்டாட்டம். எங்களுக்கு அது ஷர்மினி.

ஷர்மினி என் மகள். ஆறு வயது. ஜொகூர் பாருவில் பிறந்தாள். என்னுடைய அடையாள அட்டை நீல ஐசி, நான் குடிமகன். அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கனெகாரா' என்று அச்சாகியிருக்கிறது. குடிமகள் அல்ல.

காரணம் பதினொரு நாள். என் மனைவி ரூபினி தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவள். அவளுடைய பெற்றோர் அவள் பிறப்பைப் பதியவே இல்லை. அதனால் அவளுக்கு ஆயுள் முழுக்கப் பச்சை ஐசி, தற்காலிகமாகத் தங்குபவர்களுக்கானது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வங்கியில் அதை நீட்டினால் மேலாளரைக் கூப்பிடுவார்கள். நாங்கள் கோயிலில் தாலி கட்டினோம். நானூறு பேர் சாப்பிட்டார்கள். அது கல்யாணம் என்று நினைத்தோம். பதிவு என்பது ஒரு காகிதம், நல்ல நாள் பார்த்து நிதானமாகப் போடலாம் என்று இருந்துவிட்டோம். மார்கழி ஆகாது, தை வரட்டும் என்றார்கள். தை வந்தது. பதிவு அலுவலகத்தில் பச்சை ஐசியைப் பார்த்ததும் இன்னொரு கடிதம் கேட்டார்கள். பிறகு வேறொரு கடிதம். ஒருவழியாகப் பதிவு நடந்தபோது ஷர்மினி பிறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

சட்டத்தின் கண்ணில் அவள் பிறந்த அன்று நானும் ரூபினியும் கணவன் மனைவி இல்லை. ஆகவே பிள்ளை தாயைச் சேரும். தாய்க்கு நாடு இல்லை. பிள்ளைக்கும் இல்லை.

வழக்கு ரூபினியின் யோசனை. காகிதங்களைச் சேர்த்தவள் அவள். உயர் நீதிமன்றத்தில் தோற்றோம். மேல்முறையீட்டிலும் தோற்றோம். போன வருடம் செப்டம்பரில் டிங்கிக் காய்ச்சல் வந்து நான்கு நாளில் இறந்துபோனாள். வழக்கு நடந்துகொண்டே இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் நான் போட்டேன்.

ஷாந்தினியின் அழைப்பை வைத்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். குழுவின் பெயர் 'நீலம்'. எங்களைப் போன்ற நாற்பத்தொரு குடும்பங்கள். எல்லாருடைய வழக்கும் எங்கள் வழக்குக்குப் பின்னால் காத்திருக்கிறது.

"தீர்ப்பு திங்கள் 17."

கைபேசி மேசையில் துள்ளத் தொடங்கியது. ஆயர் ஈத்தாமிலிருந்து வேலு அண்ணன் குரல்பதிவு அனுப்பினார். லாரி ஓட்டுகிறவர். பின்னால் எஞ்சின் சத்தம்.

"தம்பி, பதினேழா? அலமாக், பதினெட்டாம் தேதி அம்மா ரிட்டயருக்கு மொத நாளா? நான் லாரிய ஓரமா நிப்பாட்டிட்டேன்லா."

அம்மையாரின் பெயரைக் குழுவில் யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் அவர் பதினெட்டாம் தேதி அம்மா. ஐவரில் இளையவர் ஒருவர், ஓய்வுக்கு இன்னும் ஏழு வருடம் இருப்பவர். அவருக்கு 'ஏழு வருசம்' என்று பெயர். அவரை நினைத்துத்தான் எல்லாருக்கும் பயம். மார்ச்சில் வாதம் நடந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஏன் தாமதமாகப் பதிந்தார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் ஈரம் இல்லை. அன்று இரவே குழுவில் ஒரு பெண் எழுதினார்: "இவரு நம்மளுக்கு இல்ல. இன்னும் ஏழு வருசத்துக்கு இல்ல."

மாலையில் பெர்மாஸ் ஜெயா போனேன். ரூபினியின் அக்கா யோகேஸ்வரி அங்கே இருக்கிறார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் ஷர்மினி அவரிடம்தான். வீடு பூட்டியிருந்தது. கோயிலில் இருந்தார்கள்.

அக்கா ஆறு வாரமாக வியாழன்தோறும் அர்ச்சனை செய்கிறார். நீதிபதிக்கு. பதவி நீட்டிப்புக்கு. நாளிதழில் வந்த பிறந்த தேதியைக் குருக்களிடம் கொடுத்து நட்சத்திரம் கேட்டிருக்கிறார். அன்று காலை வரை மிருகசீரிடம், பிறகு திருவாதிரை. பிறந்த நேரம் தெரியாது. அதனால் இரண்டுக்கும் சீட்டு.

நான் போனபோது குருக்கள் தட்டோடு நின்றிருந்தார்.

"யோகேஸ்வரி, இன்னிக்காவது பேரு சொல்லுங்களேன். சாமிகிட்ட யாருன்னு சொல்றது?"

"பேரு வேணாம் சாமி. அவங்க வேற மதம். நாளைக்கு யாராச்சும் கேட்டா அவங்களுக்குத்தான் தொந்தரவு. நட்சத்திரம் மட்டும் சொல்லுங்க."

"கோத்திரம்?"

"தெரியாதவங்களுக்குச் சிவ கோத்திரம்னு நீங்கதான சொன்னீங்க."

"நீட்டிப்புக்கு இனிமே நேரம் இல்லியே?"

"நீட்டிப்பு வேணாம் சாமி. திங்கக்கிழம வரைக்கும் அந்தம்மாவுக்குச் சளி பிடிக்கக்கூடாது. கால் சுளுக்கக்கூடாது. புத்ராஜெயாவுல ரோட்டு ஜேம் ஆகக்கூடாது. அவ்வளவுதான்."

குருக்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு நட்சத்திரங்களும் தெளிவாகக் காதில் விழுந்தன.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஷாந்தினி மறுபடி அழைத்தார். இம்முறை குரல் தணிந்திருந்தது.

"உள்துறை அமைச்சிலயிருந்து ஒரு கடிதம் வந்திருக்கு. நீங்கள் இருந்து கேளுங்கோ."

மேல்முறையீட்டைத் திங்கள் காலை ஒன்பது மணிக்குள் மீட்டுக்கொண்டால், ஷர்மினிக்குக் குடியுரிமை வழங்குவதை அமைச்சு சாதகமாகப் பரிசீலிக்கும். இதுதான் கடிதம்.

"இப்ப ஏன்?" என்றேன்.

"தீர்ப்பு வரக்கூடாது எண்டுதான். ஒரு பிள்ளைக்குக் குடுத்தால் ஒரு பிள்ளையோட முடியும். தீர்ப்பு வந்தால் நாற்பத்தொண்டுக்கும் குடுக்கோணும். செவ்வாய்க்கிழமை அம்மா போயிடுவா. பிறகு வாற நீதிமன்றம் வேற நீதிமன்றம். அவையளுக்கும் அது தெரியும்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் சொல்லக்கூடாது. என்ர கணக்கு மூண்டுக்கு இரண்டு, எங்கட பக்கம். ஆனால் அது என்ர கணக்கு. தோத்தால் ஷர்மினிக்கு ஒண்டும் இல்லை. இந்தக் கடிதமும் இல்லை. யோசிச்சு ஞாயிறு இரவுக்குள்ள சொல்லுங்கோ."

அக்கா வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து கடிதத்தைக் கைபேசியில் காட்டினேன். அவர் மலாயில் இரண்டு முறை சத்தமாக வாசித்தார். முகம் பளிச்சென்று ஆனது.

"குடுக்கிறேங்கிறான் தம்பி! வாங்கிக்க! இதுக்கு என்னா யோசன?"

"குடுக்கிறேன்னு இல்லக்கா. பரிசீலிக்கிறேன்னு இருக்கு."

"சாதகமான்னு இருக்குல்ல?"

"மத்தவங்க நாப்பது பேரு?"

"நாப்பது பேரு நம்ம புள்ளைக்குச் சோறு போடுவாங்களா? ரூபினி அந்தப் பச்சக் கார்ட தூக்கிக்கிட்டு அலைஞ்சத நீ பாத்தியா இல்லியா? தை வரட்டும்னு நாள் பாத்துச் சொன்னது நான்தான். எம் வாயால சொன்னேன். ஏழு வருசமா தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. இந்தப் புள்ளைக்கு ஐசி கெடச்சா அது எறங்கும். நீ நியாயம் பேசாத."

அவர் அழவில்லை. சமையலறைக்குப் போய் பாத்திரங்களைச் சத்தம் வரக் கழுவினார்.

அறைக்குள் ஷர்மினி சுவரோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். டக், டக் என்று கேட்டது.

வேலு அண்ணனை அழைத்தேன். அவருடைய மகளுக்குப் பதினெட்டு வயது நெருங்குகிறது. எஸ்பிஎம் என்கிற பள்ளி இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஐசி இல்லாமல் எந்தக் கல்லூரிக்கும் மனுப் போட முடியாது. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாங்கிக்க தம்பி" என்றார் அவர்.

"அண்ணே..."

"வேணாம்னு ஒன்கிட்ட நான் சொன்னா நான் மனுசனா? எனக்கு வந்தா நான் வாங்கியிருப்பேன். ரெண்டு கையாலயும். நீ வாங்கிக்க." வைத்துவிட்டார்.

சனிக்கிழமை முழுவதும் ஸ்கூடாயில் என் வீட்டில் அந்த ஒரு பக்கக் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். ரூபினியின் கோப்பையும் எடுத்தேன். அதில் அதே அமைச்சின் பழைய கடிதங்கள் மூன்று இருந்தன. மூன்று தனித்தனி வருடங்கள், மூன்று விண்ணப்பங்கள். மூன்றிலும் அதே சொல்: பரிசீலிக்கப்படும். ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் அது வந்த தேதியை அவள் எழுதி, பக்கத்தில் முடிவு வரும் தேதிக்குக் கோடு போட்டு வைத்திருந்தாள். மூன்று கோடும் காலியாக இருந்தன.

என் வேலை சரக்கைச் சோதிப்பது. சப்ளையர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். சரக்கு வந்துகொண்டிருக்கிறது, கையெழுத்தை மட்டும் இப்போது போடுங்கள் என்பார்கள். ஒருமுறை போட்டேன். சரக்கு வரவில்லை. அன்றிலிருந்து பெட்டியைத் திறந்து பார்க்காமல் போடுவதில்லை.

ஷாந்தினியை அழைத்தேன்.

"அமைச்சுக்கு எழுதுங்க. திங்கள் காலையில ஒம்பது மணிக்கு முன்னாடி குடியுரிமைச் சான்றிதழ் கையில வந்தா வாபஸ் வாங்குறோம். சான்றிதழ். கடிதம் இல்ல."

"அவையள் அப்பிடித் தரமாட்டினம்."

"அப்ப தீர்ப்ப கேப்போம்."

அவர் மூச்சை இழுத்துவிட்டது கேட்டது. "ஹேமநாதன், ஒரு வருசமா உங்கட வாயிலயிருந்து இவ்வளவு நீளமா ஒண்டும் வந்ததில்லை" என்றார்.

அமைச்சிடமிருந்து பதில் வரவில்லை. ஞாயிறு இரவு வரை வரவில்லை. அக்கா என்னோடு பேசவில்லை. ஆனால் திங்கள் காலை ஏழரைக்கு ஷர்மினியைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, பட்டுப் புடவையில் ஷாந்தினியின் ஜொகூர் பாரு அலுவலகத்தில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். வேலு அண்ணன் ஆயர் ஈத்தாமிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்திருந்தார். தலைக்கு எண்ணெய் தடவி வாரியிருந்தார். என் கையைப் பிடித்தார்.

எட்டு ஐம்பது. தீர்ப்பை இணையவழி கேட்க ஷாந்தினி மடிக்கணினியைப் பெரிய திரையோடு இணைத்தார். மின்னஞ்சலைக் கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்தார். தலையை ஆட்டினார். சான்றிதழ் இல்லை.

ஒன்பது மணிக்குத் திரையில் நீதிமன்ற மேடை, ஐந்து நீதிபதிகள். நடுவில் அம்மையார்.

"வந்துட்டாங்க!" என்றார் அக்கா. "சளி இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லா இருக்காங்க."

"அக்கா, மைக் ஆன்ல இருக்கு" என்றார் வேலு அண்ணன் பதறி. ஷாந்தினி பாய்ந்து பொத்தானை அழுத்தினார். திரையில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அம்மையார் வாசிக்கத் தொடங்கினார். தன் கருத்தை முதலில் சொல்வதாகச் சொன்னார். நிதானமான ஆங்கிலம். குழந்தையின் நிலைமை மனத்தை வருத்துகிறது என்றார். அக்கா என் முட்டியில் தட்டினார். ஆனால் சாசனத்தின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன என்றார். ஷாந்தினியின் பேனா நின்றது. பிறந்த கணத்தில் இருந்த நிலையைப் பின்னால் நடந்த பதிவு மாற்றாது. இரக்கத்துக்காகச் சட்டத்தை வளைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்வேன்.

"என்னா சொல்றாங்க?" என்றார் அக்கா.

வேலு அண்ணன் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். ஆறு மாதமாக நாங்கள் பாதுகாத்தது இவரை. இவருடைய பிறந்தநாளுக்கு முன்னால் தீர்ப்பு வர வேண்டும் என்று நாற்பத்தொரு குடும்பம் விரல் விட்டு எண்ணியது. நான் கடிதத்தை மறுத்தது இவரை நம்பி. ஷர்மினியின் ஐசியை நான் என் கையால் கிழித்துவிட்டேன்.

"இருங்கோ" என்றார் ஷாந்தினி. திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். "இருங்கோ, இருங்கோ. 'செய்வேன்' எண்டு சொன்னவ. 'செய்கிறோம்' எண்டு சொல்லேல்லை."

அம்மையார் தாளைத் திருப்பினார். என் இடப்பக்கம் இருக்கும் சகோதரர் என்னுடன் உடன்படுகிறார் என்றார். பிறகு, இது சிறுபான்மைக் கருத்து, பெரும்பான்மைத் தீர்ப்பை வாசிப்பவர் வேறொருவர் என்று சொல்லி, ஒரு பெயரைச் சொன்னார்.

'ஏழு வருசம்' தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

வாதத்தின்போது ஒரு கேள்வி கேட்டேன், ஏன் தாமதம் என்று. அதற்கான பதில் வழக்கறிஞரின் வாதத்தில் இல்லை, இறந்துபோன தாயின் வாக்குமூலத்தில், பதினான்காம் பத்தியில் இருக்கிறது. இப்படித் தொடங்கினார். அந்தப் பத்தியை வாசித்தார். ரூபினியின் ஆங்கிலம். முதல் சில மாதம் நல்ல நாளுக்காகக் காத்திருந்தோம், அது எங்கள் தவறு. அதன்பின் நான்கு முறை பதிவு அலுவலக முகப்புக்குப் போனோம். நான்கு தேதிகள். நான்காம் முறை எனக்கு எட்டாம் மாதம், அன்று நின்றுகொண்டே இருந்தேன். அந்த வறண்ட குரலில், ஒரு சொல் விடாமல் வாசித்தார். பிறகு தன் முடிவுக்கு வந்தார். பெற்றோர் பதிந்த நாள் எதுவாக இருந்தாலும், பதிவுக்குப் பின் அக்குழந்தை எல்லா வகையிலும் திருமணத்தில் பிறந்த குழந்தையே. சட்டமே அப்படிச் சொல்லும்போது சாசனம் அவளுக்குக் கதவை மூடச் சொல்வதாக நான் வாசிக்க மாட்டேன். மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் மேல்முறையீடு ஏற்கப்படுகிறது. குழந்தை பிறப்பிலிருந்தே இந்நாட்டின் குடிமகள்.

ஷாந்தினி மேசையை ஓங்கி அறைந்தார். தேநீர்க் கோப்பை விழுந்து கோப்பெல்லாம் நனைந்தது. அவர் கவனிக்கவே இல்லை.

"வெண்டிட்டம்! ஹேமநாதன், வெண்டிட்டம்!"

வேலு அண்ணன் என்னைத் தூக்கினார். நிஜமாகவே தரையிலிருந்து தூக்கினார். அக்கா நடுவில் நின்று, "யாரு குடுத்தது? யாரு? அந்த மனுசனா? அந்த மூஞ்சியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திரையில் நீதிபதிகள் எழுந்துகொண்டிருந்தார்கள். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் தாள்களை அடுக்கினார். மற்ற நால்வரும் அவருக்காக நின்றார்கள். அவருடைய கடைசித் தீர்ப்பு அது.

"அவங்களுக்குப் போய் ரெண்டு நட்சத்திரத்துக்கும் பண்ணேனே" என்றார் அக்கா.

"அம்மா போன வாரமே ரிட்டயர் ஆயிருந்தாலும் மூண்டுக்கு ஒண்டு. அப்பவும் வெண்டிருப்பம்" என்று ஷாந்தினி சிரிப்பும் இருமலுமாகச் சொன்னார். "என்ர கணக்கு சுத்தப் பிழை. இருபது வருசமா இந்தத் தொழில்."

"லாயரம்மா, நீங்க இனி கணக்கே போடாதீங்க" என்றார் வேலு அண்ணன். சொல்லும்போதே குரல் உடைந்தது. "என் புள்ளைக்கும் சேருமா? அத மட்டும் சொல்லுங்க."

"சேரும். பதிவு பிந்தின எல்லாருக்கும் சேரும். அரசாங்கம் மறுபரிசீலனை கேட்கலாம், அதைப் பிறகு பாப்பம். இண்டைக்குச் சேரும்."

வேலு அண்ணன் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று மகளை அழைத்தார். பரீட்சை மண்டபத்தில் இருப்பாள், எடுக்க மாட்டாள் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் மணி அடித்துக்கொண்டே இருந்ததைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குழுவில் எழுதினேன்: "3–2. ஜெயிச்சோம். எல்லாருக்கும் சேரும்."

முதல் அழைப்பு ஐந்து விநாடியில் வந்தது. தெரியாத எண். குளுவாங்கிலிருந்து ஒரு பெண். பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடும் சத்தம்.

"அண்ணே, நெசமா? எழுதுனது நீங்கதானா? எம் மகனுக்கும் சேருமா? நாங்க மூணு வாரம் பிந்தித்தான் பதிஞ்சோம்."

"சேரும்" என்றேன்.

"சத்தமா சொல்லுங்கண்ணே, மிசின் ஓடுது!"

"சேரும்!"

அவர் அங்கே யாரிடமோ கத்தினார். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்பது கேட்டது. அவர் வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. தங்காக். பிறகு மூவார். பிறகு மாசாய், ஒரு தாத்தா, அவருக்கு நான் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. ஷாந்தினி ஈரக் காகிதங்களை ஜன்னலோரம் பரப்பிக்கொண்டிருந்தார். அக்கா என் முன்னால் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், மூன்று நாளுக்குப் பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்து, "குடிச்சிட்டுப் பேசு" என்றார்.

பதினொன்றரைக்குள் இருபத்தாறு பேரிடம் சொல்லிவிட்டேன். தொண்டை கட்டிக்கொண்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தேன்.